விரல் விழல

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ‘லைஃப் சர்டிபிகேட்’ என்று அதற்குப் பெயர். முன்பு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்ற திட்டம் வந்தது. அதிலிருந்து விரலை மெஷினில் வைத்தால் போதும், ஆதார் கணக்கோடு ரேகை ஒத்துப்போனால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால்?

போன நவம்பரில் என் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தாங்க. தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவங்க. எழுபதுகளில் சிலோனிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்த குடும்பம். வலது பெருவிரலை வைத்தேன். விழவில்லை. இடது பெருவிரல். விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தாங்க. தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தாங்க. பத்து விரலும் ஆயிற்று. பத்துக்கும் திரையில் அதே சிவப்பு எழுத்து. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“என்னா தம்பி சொல்லுது அது?”

“விரல் விழல பாட்டி.”

“நாப்பது வருசம் கொழுந்து எடுத்த வெரலு சாமி. இப்ப நான் செத்துட்டேன்னு சொல்லுதா இது?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரெண்டு நாள் எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவிட்டு, அடுத்த வாரம் வாங்க” என்றேன். காகிதத்திலும் சான்று வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவம் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் மெஷினிலேயே முடியுங்கள் என்று மேலேயிருந்து வாய்மொழி உத்தரவு. வரிசை வேறு நீளம். சாயங்காலம் கணக்கு முடிக்க வேண்டும். கவிதை எழுதுகிறவன், இயக்கத்துக்காரன், இந்தப் பத்திரிகையில் தலையங்கம் எழுதுகிறவன், ஒரு கிழவியைச் சாகடித்துத் திருப்பி அனுப்பினேன். அவங்க கூடையில்லாத முதுகைக் கூடை சுமக்கிற மாதிரியே வளைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாங்க.

இந்த இதழ்த் தலையங்கம் அந்த விரலைப் பற்றியது.

*

விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, ஏழாவது மாசத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. தோலில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகள் அவை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் மெஷின் குறித்து வைக்கிறது. மேடு தேய்ந்துவிட்டால் புள்ளி இல்லை. புள்ளி இல்லையென்றால் ஆள் இல்லை.

மேடு ஏன் தேய்கிறது? நாள் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற விரல் உராய்ந்துகொண்டே இருக்கிறது. கொழுந்தின் கறை ஏறித் தோல் கறுத்துத் தடிக்கிறது. மழையிலும் பனியிலும் ஊறி வெடிக்கிறது. மருந்தடித்த செடியைத் தொட்டுத் தொட்டுப் பொருக்கு உதிர்கிறது. வயசானால் தோலே மெலிந்து சுருங்கிவிடுகிறது. உராய்வினால் மேலோட்டமாகத் தேய்ந்த ரேகை, கைக்கு ஓய்வு கொடுத்தால் திரும்ப வளர்ந்துவிடும் என்கிறது மருத்துவம். ஓய்வு! எந்தக் கங்காணி எந்தக் காலத்தில் அதைக் கொடுத்தான்?

தேயிலை மட்டுமில்லை. கல் உடைக்கிறவர், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசுகிறவர், சித்தாள், சாணி அள்ளுகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர். இந்தப் பட்டியலை எந்தச் சேரியில் படித்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு ஆள் எழுந்து நிற்பார். சாதி எந்த வேலையை நம் தலையில் கட்டியதோ, அந்த வேலைதான் ரேகையைத் தின்கிறது. மெஷினுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். தெரிய வேண்டிய அவசியமே இல்லையே. விரலைப் பார்த்தால் போதும்.

காலையில் வங்கிக் கம்ப்யூட்டரைத் திறக்க நானும் விரல்தான் வைக்கிறேன். ஒரே தடவையில் விழுகிறது. பேனாவும் கீபோர்டும் தவிர வேறெதையும் தொடாத விரல். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். அவள் விரல் தேய்ந்ததால்தான் என் விரல் தேயாமல் இருக்கிறது.

*

“இது டெக்னாலஜி சார், நாம என்ன பண்ண முடியும்?” என்கிறான் கூட வேலை செய்கிற நண்பன். படித்த நம் பிள்ளைகளும் இப்படித்தான் பேசுகிறார்கள். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல மெஷின் இல்லை என்கிறது, அவ்வளவுதான் என்று. இங்கேதான் நாம் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஃபேக்டரியில் தேயிலைத் தூளைச் சலிக்கிறார்கள். சல்லடையின் கண் பெரிசாக இருந்தால் ஒரு ரகம் கீழே விழும், சின்னதாக இருந்தால் வேறு ரகம். ரேகை மெஷினும் அப்படித்தான். வைத்த விரலுக்கும் பதிவிலிருக்கும் விரலுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று அது ஒரு மதிப்பெண் போடுகிறது. இத்தனை மதிப்பெண்ணுக்கு மேலே இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. அந்த அளவுகோலை இயற்கை வைக்கவில்லை. ஒரு அறையில் உட்கார்ந்து சில மனிதர்கள் வைத்தார்கள்.

அளவுகோலைக் கொஞ்சம் இறக்கினால் அசல் ஆட்கள் வெளியே போவது குறையும், ஆனால் போலி ஆள் ஒன்றிரண்டு உள்ளே வரலாம். ஏற்றினால் போலி குறையும், அசல் ஆட்கள் நிறைய வெளியே போவார்கள். இரண்டில் ஒரு தவறு நடந்தே தீரும் என்பது இந்த விஞ்ஞானத்தின் அரிச்சுவடி. அப்படியானால் கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியது இல்லை. எந்தத் தவறு நடந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்தது யார்? போலி ஒருவர் நுழைந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம். அசல் ஆள் வெளியே நின்றால் அந்தக் கிழவிக்கு நஷ்டம். முடிவு செய்கிற அறையில் கிழவி இல்லை. அவளைத் தெரிந்தவர்கூட இல்லை.

கணக்கு வேண்டுமா? 2018-ல் உச்சநீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே சொன்னது: அரசாங்கச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதம். நூற்றுக்கு 12 பேர் வெளியே. பரீட்சையில் 88 என்றால் நல்ல மார்க். ரேஷன் கடையில் அது பன்னிரண்டு அடுப்பு. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஒன்றிய அரசே வெளியிட்டது, ஜார்க்கண்டில் தோல்வி 49 சதம், ராஜஸ்தானில் 37 சதம் என்ற மதிப்பீடுகளை அச்சிட்டது. அச்சிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். 2017 செப்டம்பரில் அதே ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டு ரத்தாகி, வீட்டில் சோறு இல்லை, பசியால் செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. தாயின் வாக்குமூலத்தைவிட மெஷினின் வாக்குமூலத்துக்கு மதிப்பு வந்துவிட்ட காலம் இது.

*

நம் ஊரில் படிக்காதவனைக் ‘கைநாட்டு’ என்று ஏசுவார்கள். படிக்க விடாமல் வைத்தவனே ஏசுவான். ஆனால் கைநாட்டு வாங்கும் வழக்கத்தின் கதையைக் கொஞ்சம் பாருங்கள்.

1858-ல் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்கிற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மசியைத் தடவி ஒப்பந்தத்தின் முதுகில் அழுத்தினார். எதற்கு? நாளைக்கு ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று சொல்லிவிடாதபடி மிரட்டுவதற்கு. ஹெர்ஷலே பின்னால் இதை எழுதியிருக்கிறார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவே திறந்தார்கள். அதற்கான கணக்கு முறையை உழைத்து உருவாக்கியவர்கள் அஜிஸுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். பெயர் மட்டும் எட்வர்ட் ஹென்றி என்ற துரைக்கு. உழைப்பு ஒருவருடையது, முத்திரை இன்னொருவருடையது என்பது இங்கேயும் தப்பவில்லை.

1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. குறவர் முதல் பிரமலைக் கள்ளர் வரை பிறந்த குற்றத்துக்காகவே விரலை உருட்டி எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். கடல் தாண்டி தென்னாப்பிரிக்காவில் 1906-ல் ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும் என்று டிரான்ஸ்வால் அரசு சட்டம் கொண்டுவந்தபோது பிறந்ததுதான் காந்தியின் சத்தியாகிரகம். ஜெயிலுக்குப் போனதில் தமிழர்கள் நிறைய. ரூபாய் நோட்டில் அவர் சிரிக்கிறார். அந்த நோட்டை வாங்க நாம் விரல் வைக்கிறோம்.

மலைத்தோட்டங்களின் கதை இதிலிருந்து தனியே இல்லை. 1903-ல் சென்னை மாகாணத்தில் போட்ட தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, முன்பணம் வாங்கிய கூலி ஒப்பந்தத்தை மீறி வெளியேறினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். சிலோனில் 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு ஏது காகிதம்? லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டு வந்தவர்களில் பலரைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து டேன்டீ தோட்டங்களில் குடிவைத்தார்கள். என் கவுண்டருக்கு வந்த அம்மா அந்தக் கணக்கில் ஒரு எண். அங்கே காகிதம் இல்லை என்றார்கள். இங்கே ரேகை இல்லை என்கிறார்கள். நீ நீதான் என்று நீயே நிரூபி என்பதுதான் இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி. எஸ்டேட் முதலாளியை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

*

ரேகை போனால் முகம் இருக்கிறதே என்கிறார்கள். ஆமாம், இப்போது முகத்துக்கு வந்துவிட்டார்கள். லைஃப் சர்டிபிகேட்டுக்கு 2021-லிருந்து முகம் காட்டும் வழியும் உண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். 2024 ஜனவரி முதல் கூலியும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு 2025 ஜூலை முதல் முகச் சரிபார்ப்பு. சிக்னல் கிடைக்காத மலையில் செல்போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அங்கன்வாடி அக்கா. பெற்ற குழந்தையைப்போல அவளுக்குத் தெரிந்த பெண்ணை யாரென்று செல்போனைக் கேட்க வேண்டும்.

முகம் பார்க்கிற மெஷினின் யோக்கியதையையும் பார்க்கலாம். 2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்புப் பெண் விஞ்ஞானிகள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதம் வரை. மெஷின் பொய் சொல்லவில்லை. அதற்குக் காட்டிய முகங்களில் பெரும்பாலும் வெள்ளை முகம், அதனால் கறுத்த முகம் அதற்குப் பழக்கமில்லை. இதை வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தத் தவறு யார்மேல் விழுமோ அவர்களே என்பதை நம் மாணவர்கள் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பது வேலைக்கு மட்டுமில்லை, சல்லடையின் கண்ணை அளப்பதற்கும்தான்.

*

நாம் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. மலத்தைக் கையால் அள்ளிய சமூகம் மெஷினை வேண்டாமென்று சொல்லுமா? நாம்தான் மெஷினுக்காகக் காத்திருக்கிறோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. நானும் கைதட்டினேன். இரண்டு மாசம் கழித்து, அக்டோபர் 20 அன்று உச்சநீதிமன்றம், சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தித் தீர்ப்புச் சொன்னது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993-ல். இரண்டாவது 2013-ல். இத்தனைக்குப் பிறகும் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் எண்ணிக்கையில், நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில், தமிழ்நாடுதான் முதலிடத்தில் நின்றது. குழிக்குள் இறங்கும் மெஷின் முப்பது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. நம் விரலைச் சோதிக்கும் மெஷின் மட்டும் கூடலூர் மலையின் கடைசி ரேஷன் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது. எது முதலில் வரவேண்டும் என்று தீர்மானிப்பதற்குப் பெயர்தான் அரசியல்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ‘தாயுமானவர்’ என்று ஒரு திட்டம் தொடங்கி, முதியோர், மாற்றுத்திறனாளி வீடுகளுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோகச் செய்தது. அரசாங்கத்துக்குக் கால் இருக்கிறது, வீட்டுப் படியேறி வர முடியும் என்று அதுவே காட்டிவிட்டது. வந்த பிறகும் விரலை நீட்டு என்று கேட்பதைத்தான் விடவில்லை.

சட்டமும் முழுக்க நமக்கு எதிராக இல்லை. 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையமே ஒரு சுற்றறிக்கை விட்டது. ரேகை விழவில்லை என்று ரேஷனை மறுக்காதே, வேறு வழியில் அடையாளம் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கொடு என்று. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு ஆதாரைச் செல்லும் என்றது, நமக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது: உழைத்துச் சம்பாதித்த உரிமை, உதாரணமாக அரசு ஊழியரின் பென்ஷன், மானியம் இல்லை, அதை ஆதாரோடு கட்டிப்போட முடியாது என்று. அரசு ஊழியருக்குச் சரி. மாசாமாசம் செக்ரோலில் பிஎஃப் பிடித்தார்களே, அந்தக் கொழுந்துக்காரியின் ஆயிரத்துச் சொச்சம் மட்டும் பிச்சையா?

ஆகவே நம் கோரிக்கைகள். மெஷின் ‘ஆம்’ சொல்லலாம், ‘இல்லை’ சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ‘இல்லை’ என்று சொல்வதானால் ஒரு மனுசன் எழுத்தில், காரணத்தோடு, கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். எத்தனை விரல் விழவில்லை என்ற கணக்கை ரேஷன் கடைவாரியாக, வங்கிக் கிளைவாரியாக, தொழில்வாரியாக, சாதிவாரியாக ஒவ்வொரு மாசமும் ஒட்ட வேண்டும். காகிதப் படிவம் இழுப்பறையில் இல்லை, கவுண்டர்மேல் இருக்க வேண்டும்.

நீலகிரிக்கு இந்தப் போராட்டம் புதிசு இல்லை. இந்த மலையில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1881 மக்கள் கணக்கெடுப்பில் நம்மைப் பூர்வத் தமிழர் என்று பதியக் கேட்டவர். அரசாங்கத்தின் புத்தகத்தில் நாம் யார் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும் என்று நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட குரல் அது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் சேரும், எல்லாம் செல்போனில் எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். தோழர்களே, செல்போன் பிடித்தவன் என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்க்கும் ஆள் ஒவ்வொரு சேரியிலும், ஒவ்வொரு லைன் வீட்டிலும் வேண்டும். அதுவரை ஒரு சின்ன வேலை. உங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற ஒரு பாட்டியோடு இந்த மாசம் வங்கிக்குப் போங்கள். பக்கத்தில் நில்லுங்கள். காகிதப் படிவம் கேளுங்கள். என்னைப் போன்ற ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருப்பான். அவனை வெட்கப்படுத்துங்கள்.

*

அந்த அம்மா அடுத்த வாரம் வந்தாங்க. எலுமிச்சம்பழம் தேய்த்து விரலெல்லாம் வெடித்திருந்தது. நான் மெஷினைத் தொடவில்லை. இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து, பெயர், கணக்கு எண், தேதி எல்லாம் நானே எழுதினேன். “கையெழுத்து?” என்றேன். சிரித்தாங்க. ஸ்டாம்ப் பேடைத் தள்ளினேன். பெருவிரலை நீல மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்து எடுத்தாங்க. அதிகாரியிடம் கொண்டுபோய் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் கவுண்டரில் நிற்கிற அம்மாவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நீல மையில் வெறும் பொட்டு மாதிரி இருந்தது அந்த ரேகை. உள்ளே ஒரு கோடு இல்லை.

“இது போதுமா தம்பி?”

“போதும் பாட்டி.”

“அப்ப போன வாரமே இதை எடுத்திருக்கலாமே” என்றாங்க.

ஜெய்பீம்.